அத்தியாயம் 19: வழி தெரிந்தவனுக்கு எழுதிய இசை

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். சாப்பாட்டு மேசையின் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் பெரியவள். அவளுக்கு நேர் எதிரே அவளுடைய தம்பி. எப்போதும் அக்காவின் பக்கத்து நாற்காலிதான் அவனுக்கு, ஒரு வாரமாக மாறி உட்காருகிறான். தையல் மெஷினுக்கு முன்னால், முதுகில்லாத ஸ்டூலில் அம்மா. மடியில் பாதி தைத்த பள்ளிச் சீருடை. படுக்கையறைக் கதவை ஒட்டித் தரையில், சுவரில் சாய்ந்தபடி தம்பியின் மனைவி. ராத்திரி ஷிப்ட் முடித்து எட்டு மணிக்கு வந்தவள், நர்ஸ் உடுப்பை இன்னும் மாற்றவில்லை. ஐந்தாவது ஆள், மேசையின் தலைப்பக்கத்தில், நான்கு தடிப் புத்தகங்களின் மேல் ஏற்றி வைத்த லேப்டாப்புக்குள் இருந்தார். விளையாட்டை வெளியிடப் போகும் நிறுவனத்தின் மேலாளர். இந்த வீட்டில் அவருக்குப் பெயர் கம்பெனியம்மா.

மூன்று வருஷமாக இதே மேசையில்தான் 'விளக்குக்காரி' உருவானாள். திருடு போன தன் குரலைத் தேடி, கையில் ஒரு விளக்கோடு ஆறு நிலங்களைத் தாண்டிப் போகிற பெண்ணின் கதை அது. கம்ப்யூட்டரில் அந்த நிலங்களைக் கட்டியவன் தம்பி. அவற்றுக்கு இசை எழுதியவள் பெரியவள்.

போன வாரம் தம்பியின் கம்ப்யூட்டரில் வேறு எதையோ தேடப் போய், ஐந்தாம் நிலமான மூடுபனிச் சதுப்பு இன்னொருவருடைய இசையோடு ஓடுவதை அவள் கண்டுபிடித்தாள். கேட்டதற்கு, "கம்பெனியில சொன்னாங்கன்னு..." என்று பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதெல்லாம் சாவி எங்கே, சார்ஜர் எங்கே என்ற அளவில்தான்.

கம்பெனியம்மா தொண்டையைச் செருமினார்.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன் மேடம். போன மாசம் இருபது பேரை உக்கார வச்சு ஆட விட்டோம். பதினாலு பேர் சதுப்புல எழுந்து போயிட்டாங்க. மலைக்கோட்டையில ஒருத்தரும் போகலை. உப்புச் சுரங்கத்துல ஒரே ஒருத்தர், அவருக்கும் பஸ்ஸுக்கு நேரமாச்சாம்."

"சதுப்புன்னா எழுந்து போகத்தானே தோணும்?" என்றாள் பெரியவள்.

"பயந்து போனா பரவாயில்லையே. சாவகாசமா சோம்பல் முறிச்சிட்டுப் போறாங்க. அதுதான் எங்களுக்குக் கவலை."

பெரியவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து அதே ஜன்னலைத் திறந்தாள்.

"சதுப்புக்கு மட்டும் வேற இசை போட முடியாதா?"

"ஒரு ஆட்டத்துக்கு ஒரே கை, ஒரே இசையமைப்பாளர். ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு. ஒண்ணை மாத்தினா ஆறையும் மாத்தணும். இல்லேன்னா ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஆயிடும்."

"ஒட்டுப்போடத் தெரிஞ்சவ போட்டா ஒட்டே தெரியாது" என்று மெஷினைப் பார்த்தபடி அம்மா சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் லேப்டாப்புக்குக் கேட்கும்படி சொன்னாள்.

கம்பெனியம்மா அதைக் காதில் வாங்காதவர் போலத் தொடர்ந்தார். ஆட்டத்தின் இசைப் பொறுப்பை விட்டு நீங்குவதாகப் பெரியவள் கையெழுத்திட்ட விலகல் கடிதம் வேண்டும். தாளில் வேண்டும். இன்றைய தேதியில் தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும். அல்லது மறுசோதனை கேட்கலாம். அதற்கும் இன்றுதான் கடைசி நாள்.

"மறுசோதனைக்குக் காரணம் எழுதணும் மேடம். என்ன தப்பு, எப்படி வந்துச்சு, எப்படிச் சரி பண்ணீங்க, மூணும் வேணும். 'எனக்கு நல்லாத்தான் கேக்குது'ன்னு எழுதினா மேல இருக்கிறவங்க படிக்கக்கூட மாட்டாங்க."

திரை அணைந்தது. தபால் நிலையம் மூட ஆறு மணி நேரம் இருந்தது.

*

பெரியவளுக்குக் காலில் சக்கரம் கட்டிவிட்டாற்போல இருந்தது. கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போனாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பினாள். ஹெட்போனை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள், கேட்கவில்லை. மூன்று வருஷம். ஆறு நிலங்கள். மலைக்கோட்டைக்கு மட்டும் பதினேழு முறை எழுதிக் கிழித்திருந்தாள்.

"நடந்து நடந்து தரை தேயப் போகுது" என்றாள் அம்மா. "உக்காரு, இல்லே வெளியில போய் நட."

"அந்தச் சதுப்புல அப்படி என்னதான் இருக்கு?" தரையில் இருந்தபடியே தம்பி மனைவி கேட்டாள். "குடுங்க அண்ணி, நான் பாக்கறேன். எப்படியும் தூக்கம் வரலை."

"நீயா?" தம்பி முதல்முறையாக வாயைத் திறந்தான். "உனக்கு எந்தப் பட்டன் எதுக்குன்னே தெரியாதே."

"மூணு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். ஒரு நாளாவது ஆடிப் பாருன்னு சொல்லியிருக்கீங்களா? நானாத்தான் கேக்க வேண்டியிருக்கு. ஒண்ணாம் தேதி நீங்க கம்பெனியில தலைமை வடிவமைப்பாளர் ஆகப் போறீங்க. புது வீட்டுக்குப் போனப்புறம் யாராவது ஆட்டம் எப்படின்னு கேட்டா நான் முழிக்கணுமா?"

கன்ட்ரோலரை வாங்கித் தலைகீழாகப் பிடித்தாள். தம்பி எழுந்து வந்து சரியாகப் பிடித்துக் கொடுத்தான்.

திரையில் பனி இறங்கியது. விளக்குக்காரி முழங்கால் நீரில் நின்றாள். பெரியவளின் இசை தொடங்கியது: அடியில் செல்லோவின் கனத்த நாதம், மேலே ஒற்றை மரக்குழல், எங்கோ துணி சுற்றிய மணி. குழல் படிப்படியாக ஏறி, தயங்கி, கடைசியில் இறங்கி ஆதார சுரமான ஷட்ஜத்தில் வந்து உட்காரும். அந்த உட்காருதலைப் பற்றி அவளுக்கு ரகசியமாகக் கொஞ்சம் கர்வம் உண்டு. சரியாகத் தொண்ணூற்றாறு வினாடி. தம்பி சதுப்பைக் கடந்து படகில் கால் வைப்பதும் தொண்ணூற்றாறாவது வினாடியில்தான். அவன் ஆடிப் பதிவு செய்து கொடுத்த படத்தை ஓடவிட்டு, அடி பிசகாமல் எழுதியிருந்தாள்.

தம்பி மனைவி இடது பக்கம் போனாள். புதர். திரும்பினாள். வலது பக்கம் போய் இடுப்பளவு சேற்றில் இறங்கி ஏறினாள். குழல் இறங்கி வந்து உட்கார்ந்தது. படகு கண்ணுக்கு எட்டின தூரத்தில் இல்லை. இசை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாள். குழல் மறுபடி இறங்கி உட்கார்ந்தது.

மூன்றாம் தடவை அது உட்கார்ந்ததும் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிச் சோம்பல் முறித்தாள்.

"அவ்வளவுதானா? சீக்கிரமே முடிஞ்சிடுச்சே."

"எங்க முடிஞ்சுது?" என்றான் தம்பி. "நீ இன்னும் பாதிகூடத் தாண்டலை."

"அப்படியா? பாட்டு வந்து சேர்ந்துடுச்சே. நானும் சேர்ந்துட்டேன்னுல்ல நினைச்சேன்."

நடந்துகொண்டிருந்த பெரியவள் நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? ஷிப்ட் முடிஞ்சு வாசல் கதவைத் திறந்து உள்ள வந்தா ஒரு நிம்மதி வருமே, அந்த மாதிரி இருந்துச்சு. ஒரு தடவை இல்லே, மூணு தடவை. மூணாவது தடவை எழுந்து போகலாம்னு தோணுச்சு." பெரியவளின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "தப்பா சொல்லிட்டேனா அண்ணி?"

பெரியவள் ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றினாள். அவள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. சதுப்பைக் கட்டியவனுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். பனியை அவன் பார்ப்பதே இல்லை. நேராக நடந்து படகில் ஏறிவிடுவான். அவனுடைய கால்களுக்கு எழுதிய இசை அது. வழி தெரியாமல் தவிக்கிறவர்களிடம், சேற்றின் நடுவில், 'வந்துவிட்டாய், உட்கார்' என்று தொண்ணூற்றாறு வினாடிக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தது. பதினாலு பேரும் அது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்.

"இசை நல்லாத்தான் இருக்கு" என்றாள் மெதுவாக. "இந்த இடத்துக்குத்தான் ஆகலை."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அக்காவின் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தான்.

"கடைசி நாலு வரியை வெட்டு" என்றாள் அவள். "குழல் நிஷாதம் வரைக்கும் ஏறட்டும். ஷட்ஜத்துக்கு ஒரு படி கீழே. அங்கேயே விட்டுடு. இறங்க வேண்டாம்."

"அப்புறம்?"

"தண்ணிச் சத்தம். மணி. மறுபடி முதல்ல இருந்து. ஆள் நின்னுட்டா குழலும் நிக்கணும். அந்த இறக்கம், படகுல கால் வைக்கிற நொடியில மட்டும்தான் வரணும். முடியுமா?"

"முடியும். ஒரு மணி நேரம் குடு."

ஒரு மணி நேரம் ஒன்றே முக்கால் ஆனது. அம்மா டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ஆறிப் போனதை எடுத்துப்போய் மறுபடி சுட வைத்தாள். தம்பி மனைவி சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுந்து, எழுப்பியதும் கேட்காமலே கையை நீட்டினாள்.

இந்த முறை அவள் தோள் காதுவரை ஏறியது. குழல் ஏறி, ஏறி, அந்தரத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒருமுறை பயந்து நின்றபோது குழலும் நின்று தண்ணீர் மட்டும் கேட்டது. "ஐயோ, நான் போறேன் போறேன்" என்று திரையிடம் சொல்லிவிட்டு நடந்தாள். ஏழு நிமிஷம். அவள் படகில் கால் வைத்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன் எழுதிய அந்த நாலு வரி அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டது போல் பெரியவளுக்கு இருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"பிடிக்கலை" என்றாள் தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா கீழ வைக்க முடியலை. நான் போய்ப் படுக்கறேன், அஞ்சு மணிக்கு எழுப்புங்க."

*

மணி மூன்றேகால். பெரியவள் வெள்ளைத்தாளை எடுத்து ஓரம் மடித்து, மேலே தேதி போட்டாள்.

"தப்பு என்னன்னு தெரிஞ்சாச்சு. சரி பண்ணியாச்சு. எப்படி வந்துச்சுங்கறதுதான் பாக்கி. 'வெளி ஆட்கள் ஆடிய பதிவு எதுவும் அப்போது வரவில்லை, அதனால் தம்பியின் பதிவை வைத்து எழுதினேன்'. சரிதானே?"

தம்பி வாசல் பக்கம் பார்த்தான்.

"டேய், உன்னைத்தான்."

"வந்திருந்துச்சு அக்கா."

"என்ன வந்திருந்துச்சு?"

"பதிவு. நாற்பத்தொண்ணு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடியே கம்பெனி அனுப்பிட்டாங்க."

பெரியவள் பேனாவைக் கீழே வைத்தாள். மற்ற நிலங்களுக்கெல்லாம் அப்படிப்பட்ட பதிவுகளைப் போட்டுப் பார்த்துத்தான் எழுதினாள். அறிமுகமில்லாதவர்கள் தடுமாறுவதையும் திட்டுவதையும் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். சதுப்புக்கு மட்டும், 'வர நாளாகும், என்னோடதை வச்சு எழுதிடு' என்று அவன்தான் சொன்னான்.

"ஏன் காட்டலை?"

"எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தன் இது சதுப்பா சாக்கடையான்னு கேட்டான். ஒரு பொண்ணு, கட்டினவனே இதுல விழுந்து செத்திருப்பான்னு சொல்லிச்சு." அவன் காதுமடல் சிவந்திருந்தது. "உன்கிட்ட அதைப் போட்டுக் காட்ட மனசு வரலை. திருத்திட்டுக் காட்டலாம்னு இருந்தேன். தள்ளிப் போயிடுச்சு."

"படிவம்?"

ஒவ்வொரு நிலம் முடிந்ததும் கம்பெனிக்கு ஒரு படிவம் போகும். அதில் ஒரு வரி உண்டு: வெளியாட்களின் பதிவுகள் இசையமைப்பாளருக்குக் காட்டப்பட்டன. எதிரே ஒரு கட்டம்.

"டிக் போட்டுட்டேன்."

மெஷின் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் பெரியவள் கவனித்தாள்.

"கம்பெனியில அவங்களோட இன்னொரு இசையமைப்பாளர், அந்தத் தாடிக்காரரை வச்சு வேற இசை போட்டுப் பாருன்னு சொன்னப்போ, இசைதான் காரணம்னு நானும் நம்பிட்டேன் அக்கா. நம்புறது வசதியா இருந்துச்சு."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். தெருவில் ஒருவன் சைக்கிளில் காற்று அடித்துக்கொண்டிருந்தான். அவன் முப்பது அடிக்கும்வரை எண்ணினாள். காரணத்தை எழுதினால் அவள் இசைக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். ஒண்ணாம் தேதி தம்பிக்குப் பதவி கிடைக்காது, இருக்கிற வேலையும் நிற்குமா தெரியாது. எழுதாவிட்டால் விலகல் கடிதம்தான். உள்ளறையில் தூங்குகிறவள் புது வீட்டுக்கு எந்த ஜன்னலில் என்ன திரைச்சீலை என்பது வரைக்கும் முடிவு செய்து வைத்திருக்கிறாள்.

திரும்பி வந்து இரண்டு கடிதங்களையும் எழுதினாள். நேர்க்கோடு தவறாமல், பத்தி பிரித்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துத் தம்பியின் பக்கம் தள்ளினாள்.

"ஒண்ணு விலகல். ஒண்ணு உண்மை. எது போகணும்னு நீயே சொல்லு."

தம்பி இரண்டையும் தொடவில்லை.

"நல்லா இருக்குடி நியாயம்" என்றாள் அம்மா. ஸ்டூலை விட்டு எழவில்லை. "பாரத்தை அவன் தலையில இறக்கிட்டு நீ கையை வீசிட்டு நடக்கப் போறியா? அவன் விலகலை எடுத்தா காலம் பூரா அவனைக் குத்திக் காட்டுவே. உண்மையை எடுத்தா, தம்பி தானா வந்து செஞ்சான்னு ஊரெல்லாம் பெருமை பேசுவே. எப்படி விழுந்தாலும் உனக்குச் சேதமில்லை."

"அப்ப என்னம்மா செய்யச் சொல்றே?"

"எனக்கென்ன தெரியும்? எனக்கு ரெண்டு பேரும் வேணும். அதனாலதான் என்னைக் கேக்காதேன்னு சொல்றேன்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

பெரியவள் விலகல் கடிதத்தை எடுத்தாள். நாலாகக் கிழித்தாள்.

"நான் இதை அனுப்பப் போறேன். உன் பதவி போனாலும், வேலையே போனாலும். உன்கிட்ட அனுமதி கேக்கலை, சொல்றேன். என்மேல கோபம்னா இருந்துக்கோ."

தம்பி கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் படித்தான்.

'மூடுபனிச் சதுப்பின் இசையை, வழி தெரிந்த ஒருவர் நடக்கும் நேரத்துக்கு அளந்து எழுதிவிட்டேன். வழி தெரியாதவர்களுக்கு அது வழியின் நடுவிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறது. வெளியாட்கள் ஆடிய நாற்பத்தொரு பதிவுகள் இருந்தும் அவை எனக்குக் காட்டப்படவில்லை. காட்டப்பட்டதாகப் படிவத்தில் உள்ள குறி தவறானது. இசையை இப்போது திருத்தியிருக்கிறோம். புதியவர்களை வைத்து ஒரு முறை சோதிக்க வேண்டுகிறேன். அப்போதும் பாதிப் பேருக்கு மேல் எழுந்து போனால், மறுபேச்சில்லாமல் விலகிக்கொள்கிறேன்.'

இரண்டு தடவை படித்தான். பிறகு பேனாவுக்காகக் கையை நீட்டினான்.

"என்ன?" என்றாள் பெரியவள். தாளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "ஒரு எழுத்தை மாத்தக் கூடாது."

"எண்ணிக்கை தப்பு அக்கா. நாற்பத்தொண்ணு இல்லே. நாற்பத்து மூணு."

"நீதானே சொன்னே?"

"ரெண்டை அழிச்சிட்டேன். நீ எழுதி முடிச்ச இசையோட அப்புறமா வந்த ரெண்டு அது, ஆடினவங்க அதுல இசையைப் பத்திப் பேசியிருந்தாங்க. 'முடிஞ்சிடுச்சா'ன்னு கேட்டிருந்தாங்க. இன்னிக்கு இவ கேட்டாளே, அதே மாதிரி."

பெரியவள் கையை எடுத்தாள்.

அவன் 'நாற்பத்தொரு' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'நாற்பத்து மூன்று' என்று எழுதினான். பக்கத்தில், 'இவற்றில் இரண்டு என்னால் அழிக்கப்பட்டன' என்று சேர்த்தான். திருத்தம் என்றால் திருத்தியவர் கையெழுத்து வேண்டும். முழுப் பெயரையும் போட்டுத் தேதியும் எழுதினான். மை காயும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். பசை காய்ந்துபோயிருந்தது. அம்மா தையல் பெட்டியிலிருந்து பசைக்குப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். அம்மாவின் கண் உறையின் மேல் இல்லை, படுக்கையறைக் கதவின் மேல் இருந்தது.

"அவளை எழுப்பி யாரு சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள்.

தம்பி ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

*

நாலு ஐம்பத்திரண்டுக்குத் தபால் நிலையத்தில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. உள்ளே இருந்தவர் உறையை எடை போட்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பதிவுத் தபாலா?"

"ஆமா."

"அனுப்புநர் பேரு எழுதலையே. ஒரு பேருதான் எழுத இடமிருக்கு. ரெண்டு பேர்ல யாரு?"

"நான்" என்றாள் பெரியவள்.

"என் பேரை எழுதறேன்" என்றான் தம்பி.

"முடிவு பண்ணிச் சொல்லுங்கம்மா, மூடற நேரம்."

பெரியவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு முன்னாலிருந்து அரை அடி நகர்ந்து இடம் விட்டாள். நூல் கட்டிய பேனாவை வாங்கி, குனிந்து அவன் எழுத ஆரம்பித்தான். அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. துணி வழியாகவே வெளிச்சத்தில் பெயர் தெரிந்தது: வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்துவிட்டாள். அவன் எழுதி முடித்து உறையை உள்ளே தள்ளினான். முத்திரை ஒரு முறை மையில் விழுந்தது, ஒரு முறை உறையில் விழுந்தது. அந்த மனிதர் தலை நிமிராமலே பின்பக்கமாக வீசிய வீச்சில் கடிதம் வாய் திறந்திருந்த சாக்கினுள் போய் விழுந்தது. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.